குதிரையிலை வந்த எரிச்சல்

அன்பின் சுபாங்கிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமாய் இருப்பியள் எண்டு நம்பி எழுதிறன். இந்த ஜூரா மலையிலை போன் எடுபடாது, அதுதான் கடிதம்.

குதிரையளோடை வந்து கூடாரமடிக்கிற ஆக்களின்ரை குதிரையளுக்கு வைக்கோல் போடுறதுதான் என்ரை வேலை. நேற்று ஒரு குதிரை இடிச்சு, நான் சேத்துக்கை விழுந்திட்டன். பயப்பிடாதை, முழங்காலிலை சின்ன உரசல்தான். ஓடிவந்த சொந்தக்காரி குதிரையைக் கட்டிப்பிடிச்சு, "பயந்திட்டியோ செல்லம்? பசிக்குதோ?" எண்டு அப்பிள் வெட்டி ஊட்டினாள். நான் சேத்துக்கை இருந்து பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு அந்தக் குதிரையிலை சரியான எரிச்சல்.

நோவுக்குப் பூச சித்தாலேப ஒரு டப்பா அனுப்பு. அம்மாவுக்குச் சொல்லாதை.

ஞாயிறு கீழை இறங்கி உனக்குப் போன் எடுப்பன். எடுத்தவுடனை பக்கத்து வீட்டு மதில் பிரச்சினையைத் தொடங்காதை. முதல் நான் சாப்பிட்டனோ எண்டு கேள். குதிரையைக் கேட்ட மாதிரிக் கேட்டால் காணும்.

தபால் வான் வந்திட்டுது.

கேதீசன்