சனிக்கிழமை டிரம்மர்

கிழக்கு தாம்பரம்
7.7.2025

ஆஷா அப்பாவுக்கு,

தோத்திரம். இங்கே நான் சுகம். பம்மலில் உங்கள் மாடி அறைக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

நேற்று முன்தினம் பிராக்டிஸிலேயே கேட்டிருப்பேன். லோகு கிட்டாரும் கையுமாகப் பக்கத்தில் இருந்தார். அவர் எதிரே உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் கேட்கலாம் என்றால், இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடும். பிரிந்தபோது பேசி வைத்ததும் அதுதானே? சனிக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் டிரம்மராக வரலாம், வாசிக்கலாம், போகலாம். வேறு எதுவானாலும் கடிதம். ஐந்து வருஷமாகச் சொந்த வீட்டு வாசலில் நின்று பெல் அடித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். அந்த மட்டில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேஸ் டிரம் ஏன் இப்படி இடிக்கிறது? பஞ்சால் தொட்ட மாதிரி இருக்க வேண்டிய இடத்தில், தூண் நடுகிற மாதிரி மிதிக்கிறீர்கள். பாட்டுக்கு அடியில் நடக்கிற கனத்த ஸ்வரங்களை, அந்த பேஸை வாசிக்க, நம்மிடம் தனி ஆள் கிடையாது. ஆர்கனுக்கு அடியில் இருக்கிற மரப் பெடலை மிதிக்கும் என் இடது கால்தான் பேஸ். "எங்கள் பேஸ்காரருக்கு ஐந்து விரல், எல்லாம் காலில்" என்று மேடைக்கு மேடை சொல்லிச் சிரித்தவர் நீங்கள். இப்போது அந்த ஐந்து விரலை நீங்களே அமுக்குகிறீர்கள். என் காதுக்கே என் பேஸ் எட்டவில்லை.

டிசம்பர் நிகழ்ச்சி வருகிறது. செங்கல்பட்டு வரைக்கும் தேடினாலும் ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என்று மூன்றே பேர் உட்கார்ந்து ஜாஸ் வாசிக்கிற குழு நம்மைத் தவிர இல்லை. இருக்கிற ஒன்றையாவது ஒழுங்காக வாசிப்போம். அடுத்த வாரத்திலிருந்து காலை மெதுவாக வையுங்கள்.

லோகு தன் மீன் கூடையிலிருந்து கொண்டுவந்த வஞ்சிரத்தில் பாதியைக் குழம்பு வைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பவும்.

ஞானஜோதி

*

பம்மல்
10.7.2025

அன்புள்ள ஜோதி,

கடிதமும் குழம்பும் கிடைத்தன. கடிதத்தில்தான் காரம் அதிகம். போஸ்ட்மேன் வேலை லோகுவுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல குந்திகினு வாசிக்கிறீங்க, அப்பால எதுக்கு நான் லெட்டர் தூக்கினு அலையணும்?" என்று கேட்டான்.

தண்ணீர் வருகிறது. கீழே லேத் பட்டறைக்காரர் காலை எட்டு மணிக்கு மிஷினைப் போடுகிறார். அதன் தாளம் ஒருநாளும் பிசகாது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பேஸ் டிரம்முக்குப் புதுத் தோல் மாற்றினேன், அதனால் சத்தம் கூடியிருக்கலாம். மழைக்கால ஈரமும் ஒரு காரணம். குறைத்துக்கொள்கிறேன்.

கேட்க நினைத்தது ஒன்று. நீ சுகர் டெஸ்ட் பண்ணி எத்தனை நாளாகிறது? சும்மாதான் கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

டப்பா வருகிறது. உள்ளே பம்மல் கடை அதிரசம் வைத்திருக்கிறேன். நீ சாப்பிடக்கூடாது, பக்கத்து வீட்டு அருள்மேரிக்குக் கொடு.

தயாளன்

*

கிழக்கு தாம்பரம்
21.7.2025

ஆஷா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் தோத்திரம் எழுத மனசு வரவில்லை. மன்னிக்கவும்.

சனிக்கிழமை சொன்னபடி காலைக் குறைத்து வைத்தீர்கள். அப்போதுதான் என் பேஸ் எனக்கே கேட்டது. ஆராதனை தொடங்கினபிறகு சர்ச்சுக்குள் நுழைகிறவர்கள் மாதிரி ஒவ்வொரு ஸ்வரமும் பிந்தி வந்து உட்கார்ந்தது. நான் மிதித்தேன் என்று நினைத்த இடத்தில் மிதிக்கவே இல்லை. மூன்றாவது உருப்படியிலேயே உங்கள் பேஸ் டிரம் மறுபடி பெரிதாகிவிட்டது. என்னைப் பார்க்காமல் சிம்பலைப் பார்த்துக்கொண்டு மிதித்தீர்கள்.

நீங்கள் போனபிறகு லோகுவை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொல்லிவிட்டார். "உன் காலு லேட்டா வருதுக்கா. சார் தன் கால வெச்சி அத்த மூடிகினு கீறாரு. ஆறு மாசமா இதான் நடக்குது. எனக்கு நெஞ்சு பேஜாராப் பூடுச்சு."

ஆறு மாசம்! ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுத் தோலாம், ஈரமாம்.

இன்று குரோம்பேட்டையில் டாக்டரைப் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி எதையோ வைத்துப் பாதத்தில் குத்தி, எங்கே குத்தினேன் என்று கேட்டார். குத்தினதே எனக்குத் தெரியவில்லை. சர்க்கரையில் நரம்பு மரத்துவிட்டதாம். இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றார். போன மாதம் கட்டில் காலில் விரலை இடித்தது, தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். என் முட்டாள்தனம்.

ஆனால் உங்களை விடமாட்டேன். ஆஷா கல்யாணத்தில் என்ன செய்தீர்கள்? "இனிமே ஜோதி கிளப்புல எல்லாம் வாசிக்க மாட்டா" என்று சம்பந்தி வீட்டில் என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தீர்கள். அதைக் காப்பாற்ற, வந்த நிகழ்ச்சியையெல்லாம் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடவில்லை என்று என்னிடம் சொன்னீர்கள். உலகம் நம்மை மறந்துவிட்டது என்று ஒரு வருஷம் அழுதேனே! நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினீர்களே! அதற்காகத்தான் உங்களைப் போகச் சொன்னேன். உங்கள் சாமான் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றேன். அன்றிலிருந்து வாரா வாரம் டிரம்ஸை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் அதே வேலை. எனக்குத் தெரியாமல், எனக்காக.

இந்தச் சனிக்கிழமை யாரும் வரவேண்டாம்.

ஞானஜோதி

*

பம்மல்
26.7.2025

அன்புள்ள ஜோதி,

இன்று சனிக்கிழமை. மூன்று மணிக்கே சட்டை மாற்றிவிட்டேன், பழக்கதோஷம். பிறகு கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் நல்லதுக்காகச் செய்தேன் என்று எழுதினால் அது பொய். உன் கால் பிந்துகிறது என்று சொன்னால் நீ வாசிப்பதை நிறுத்திவிடுவாய். நீ நிறுத்திவிட்டால் அந்த வீட்டுக்கு வர எனக்கு வேறு வழி கிடையாது. வாரத்தில் ஒருநாள் அந்த ஆர்கனுக்குப் பக்கத்தில் உட்காரத்தான் மற்ற ஆறு நாளும் இங்கே கிடக்கிறேன். அதை இழக்கப் பயந்துபோனேன், ஜோதி. அவ்வளவுதான். சம்பந்தி வீட்டில் செய்ததும் பயத்தில்தான். யோசித்துப் பார்த்தால் நான் உனக்குச் செய்த கெடுதல் எல்லாமே பயத்தில் செய்ததுதான்.

இன்னொன்று. நேற்று டிசம்பர் நிகழ்ச்சி நடத்தும் கிளப்பின் செயலாளர் வேதசிரோமணி போனில் கூப்பிட்டார். உன் கால் சமாசாரம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. "கீபோர்டுல ஒரு பட்டனைத் தட்டுனா பேஸ் தானா வருது, எதுக்கு சார் இந்த வயசுல இவ்ளோ கஷ்டம்? இல்லன்னா விக்கின்னு பேஸ் கிட்டார்காரர் ஒருத்தர் இருக்கார், நாலாவது ஆளா சேத்துக்கோங்க" என்றார்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜோதியைக் கேட்க வேண்டும் என்றேன். இதோ கேட்டுவிட்டேன்.

தயாளன்

*

கிழக்கு தாம்பரம்
18.8.2025

ஆஷா அப்பாவுக்கு,

தோத்திரம்.

வேதசிரோமணிக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பட்டனும் வேண்டாம், விக்கியும் வேண்டாம். விக்கி நல்ல வாசிப்புக்காரராகவே இருக்கட்டும். நாலு பேர் உட்கார்ந்தால் அது வேறு குழு, வேறு சத்தம். நாம் ஓய்ந்தபிறகு அவர்கள் வாசித்துக்கொள்ளட்டும். நான் இன்னும் ஓயவில்லை.

கால் போனால் கை இருக்கிறது. நம்மிடம் இருக்கிற பழைய அமெரிக்க ரெக்கார்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி உட்கார்ந்து கேட்டேன். அமெரிக்காவில் ஆர்கன்காரர்களில் பாதிப்பேர் பேஸை இடது கையால்தான் வாசித்திருக்கிறார்கள், காலைப் பேருக்கு வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு அது உறைக்கவில்லை, என் காலின்மேல் எனக்கு அவ்வளவு கர்வம். இப்போது இடது கையைக் கீழ் வரிசைக் கட்டைகளில் வைத்து, பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதுகிற மாதிரி ஆரம்பித்திருக்கிறேன். காலையில் ஜெபம் முடிந்தால் நேரே ஆர்கன். வலது கை பாட்டுக்குப் போனால் இடது கையும் கூடவே ஓடிவிடுகிறது. ஓடினால் ஓடட்டும், இழுத்து வந்து மறுபடி உட்காரவைக்கிறேன். அருள்மேரி மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன ஜோதி டீச்சர், தெனமும் ஒரே எடத்துல மாவாட்டுற மாதிரி கேக்குது?" என்கிறாள். ஆட்டத்தானே போகிறேன்? மாவு நைசாகும் வரைக்கும் ஆட்டுவேன்.

இதுவரைக்கும் இடது கை கொத்தாகப் பிடித்த ஸ்வரங்களை, அந்தக் கார்டுகளை, இனி கிட்டார்தான் சுமக்க வேண்டும். லோகுவிடம் சொன்னேன். "இன்னாக்கா, காலைல மீன் கூடைய எறக்கி வெச்சிட்டு வந்தவன் தலையில இம்மாம் பெரிய கூடைய ஏத்துறியே!" என்று அலுத்துக்கொண்டார். அப்புறம் அவரே, "குடு, தூக்கிக்கிறேன்" என்றார்.

வரும் சனிக்கிழமையிலிருந்து பிராக்டிஸ். உங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. டிசம்பர் மேடையில், நாம் எப்போதும் வாசிக்கிற அந்த மெதுவான ப்ளூஸ் உருப்படி வரும்போது பேஸ் டிரம்மிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். லேசாகக்கூட வைக்கக்கூடாது. நான் விழுந்தால் விழுகிறேன். எல்லார் எதிரிலும் விழுகிறேன். நீங்கள் தாங்கிப் பிடிக்கக்கூடாது.

முடியாது என்றால் இப்போதே எழுதுங்கள்.

ஞானஜோதி

*

பம்மல்
8.12.2025

அன்புள்ள ஜோதி,

முடியாது என்று எழுத நாலு மாதமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். வாரா வாரம் உன் இடது கையைப் பார்த்தபிறகு எழுத முடியவில்லை. போன சனிக்கிழமை அது ஓடாமல் நின்றது. ஆனாலும் அந்த ப்ளூஸின் பன்னிரண்டாவது பாரில், ஒரு சுற்று முடிந்து முதலுக்குத் திரும்பும் இடத்தில், அது இன்னும் தடுமாறுகிறது. உனக்கும் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் தெரிந்துகொள். இனி சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஆர்கனைத் தூக்க லோகுவின் சித்தப்பா பிள்ளைகள் ஆறு பேர் கோவளத்திலிருந்து வருகிறார்கள். பொன்னுரங்கம் என்று அவர்களுக்கு ஒரு தலைவர். "போட்டையே தூக்குறவங்க நாங்க, இந்தப் பொட்டி இன்னா பெரிய விஷயம்?" என்று கேட்டாராம். அதன் எடை தெரியும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பதில் நிகழ்ச்சிக்குப் பிறகு போட்டால் போதும். டிரம்ஸை ஒவ்வொரு வாரமும் ஏற்றி இறக்க எனக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. அதை உன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள இடம் கிடைக்குமா? டிரம்ஸுக்கு மட்டும்தான் இடம் கேட்கிறேனா என்று நீ கேட்பாய். இல்லை, ஜோதி. எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். முன்பென்றால் கேட்காமலே லோகு வண்டியில் ஏற்றி அனுப்பியிருப்பேன்.

தயாளன்

*

கிழக்கு தாம்பரம்
15.12.2025

ஆஷா அப்பாவுக்கு,

தோத்திரம். உடம்பெல்லாம் வலி, மனசு மட்டும் லேசாக இருக்கிறது.

பொன்னுரங்கம் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது படியில், "ஐயோ, உள்ள இன்னா யானையா கீது?" என்றார். இருந்தாலும் ஒரு கீறல் இல்லாமல் மேடையேற்றினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டும் போனார்கள். வேதசிரோமணி என்னிடம் வந்து கையைக் கூப்பினார். அதுவே போதும்.

அந்த ப்ளூஸைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் சுற்று எடுத்தபோது பழக்கத்தில் உங்கள் காலுக்காகக் காது காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வலது கால் ஷூவைக் கழற்றி எனக்குத் தெரிகிற மாதிரி மேடையில் தள்ளி வைத்துவிட்டு, காலை ஸ்டூல் கம்பியில் மடக்கி வைத்திருந்தீர்கள்.

மூன்றாவது சுற்றில், நீங்கள் எழுதிய அதே பன்னிரண்டாவது பாரில் விழுந்தேன். முழுசாக ஒரு தட்டு வெறுமையாகப் போயிற்று. லோகு நிமிர்ந்து பார்த்தார். உங்கள் கால் துடித்ததைப் பார்த்தேன். அது கீழே இறங்கவில்லை. பிரஷ்ஷால் ஸ்நேர் டிரம்மைத் தேய்த்துக்கொண்டே காத்திருந்தீர்கள். அடுத்த தட்டில் நானே எழுந்துகொண்டேன். அதற்குப் பிறகு வாசித்த இரண்டு சுற்று மாதிரி என் வாழ்நாளில் நான் வாசித்ததில்லை. பாட்டுக்கு அடியில் நடந்ததெல்லாம் என் நடை. நல்லதும் கெட்டதும் என்னுடையது. முப்பத்தாறு வருஷத்தில் நீங்கள் எனக்குச் செய்த உபகாரங்களில் அதுதான் பெரிது, அன்று நீங்கள் எதுவுமே செய்யவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆர்கனை இறக்கினபோது பொன்னுரங்கம் ஆட்கள் உங்கள் பேஸ் டிரம்மையும் சேர்த்து இங்கேயே இறக்கிவிட்டார்கள். தெரியாமல் நடந்ததுதான் என்று லோகு சத்தியம் பண்ணுகிறார், நான் நம்புகிறேன். நேற்று முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு தையல் மிஷினை உள் அறைக்குத் தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் அதற்கு ஓர் இடம் பண்ணினேன். அது அங்கேயே இருக்கட்டும். மற்றதையும் சனிக்கிழமை கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

டிரம்ஸுக்கு இடம் பண்ணிவிட்டேன். உங்களுக்கு இன்னும் பண்ணவில்லை. அதைக் கடிதத்தில் கேட்டது போதும். சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து லோகு கிளம்பினபிறகு, இருந்து, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சொல்கிறேன்.

உங்கள்
ஜோதி