ஜிக்ஜாக் என்றால் என்ன என்று கேட்டார்கள்

காஜா பெராங், மலாக்கா
14-7-1957

அன்புள்ள அத்தானுக்கு கோகிலா எழுதிக்கொண்டது. நானும் நம் மல்லிகாவும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் தூசு அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

தமிழ்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது!

நேர்முகத் தேர்வில் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் யாழ்ப்பாணத்து நல்லையா வாத்தியாரும் இருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னேன். கடைசியில் அந்த அம்மா, ஜிக்ஜாக் என்ற சொல்லை ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பாய் என்று கேட்டார். வளைந்து வளைந்து போவது என்றேன்.

"இல்லைப் பிள்ளை, ஆறும் வளைஞ்சு வளைஞ்சுதான் போகுது. அது ஜிக்ஜாக்கோ?" என்றார் வாத்தியார்.

வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வலப்பக்கம் நேராக நடந்து, வெடுக்கென்று திரும்பி இடப்பக்கம் நடந்து, மறுபடி வெடுக்கென்று திரும்பி, அப்படியே ஜன்னல் வரை போனேன். "வளையக் கூடாதுங்க, ஒடிச்சு ஒடிச்சுத் திரும்பணும். ரம்பத்துப் பல்லு மாதிரி" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "பிள்ளையள் இனி மறக்கமாட்டினம்" என்றார் வாத்தியார்.

பிறகு நூலகத்தில் பெரிய அகராதியைப் பார்த்தேன். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். அதற்கு முன் ஜெர்மன்காரர்களிடம் இருந்ததாம். பல்லைப் போன்ற கூர்முனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்திருக்கலாம், உறுதியில்லை என்று போட்டிருக்கிறது. கோட்டையை முற்றுகையிட்டவர்கள் குண்டு படாமல் நெருங்குவதற்கு வெட்டிய பள்ளங்களுக்கும் அந்தப் பெயர்தான். இப்போது தையலுக்கும் மலைப்பாதைக்கும்கூடச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு ரொக்கியா அக்கா துணியில் உள்ள அதே கோலத்தை மலாயில் 'சிகு கெலுவாங்' என்கிறார். வௌவாலின் முழங்கை என்று அர்த்தமாம். மல்லிகா அதைக் கத்திக்கொண்டே வாசலெல்லாம் அப்படி ஓடுகிறாள்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மெர்டேக்கா என்று இங்கே சுதந்திரம் வந்த பிறகு நமக்கு என்ன இடம், செப்டம்பர் கப்பலில் நாகப்பட்டினம் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் பிறந்தது இந்த ஊரில். மல்லிகாவும் அப்படியே. நாகப்பட்டினத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அடுத்த தவணையில் வேலைக்கு வருகிறேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது. கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் லீவு கேட்டுப் பாருங்கள். திடலில் சுதந்திரக் கொடி ஏற்றுவார்களாம், ஊரே திரளுமாம். கூட்டத்தில் மல்லிகாவுக்குக் கொடி தெரிய வேண்டுமென்றால் யாராவது தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். என் உயரம் போதாது, அத்தான்.

அம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள்.

உங்கள்
கோகிலா