இரண்டாவது ஊசி

கிணற்றடி நந்தியாவட்டை இன்று காலை நிறையப் பூத்திருக்கிறது. நீர் என்னை விட்டுப் போனபின் அதைப் பறிப்பாரில்லை. குனிந்து ஒரு பூவைப் பொறுக்கினேன், உடனே எறிந்துவிட்டேன். அந்தப் பூவில் எனக்குக் கோபம்.

வலது கண் இமையில் சின்ன வீக்கம் கண்டபோது, தண்ணீரில் ஊறவைத்த அந்தப் பூக்களைத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுத்திருந்தீர். "கண் சூடுதான், ரெண்டு நாளிலை மாறீடும்" என்றீர். கண் மெல்ல முன்னே தள்ளிக்கொண்டு வந்தபிறகுதான் நெடுந்தீவிலிருந்து படகேறி யாழ்ப்பாணம் போனோம்.

டொக்டர் இளம் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "கண்குழிக்குள்ளை ஒரு கட்டி இருக்குது அம்மா. மெல்லிய ஊசியாலை அதிலை கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பாத்தால்தான் என்னெண்டு சொல்லலாம்."

ஊசி இறங்கியபோது என் கையை நகம் பதியப் பிடித்திருந்தீர். நீர் அழவில்லை. நான்தான் பார்க்க ஏலாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். எடுத்ததைக் கண்ணாடித் தட்டில் தடவிக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்த டொக்டர், "இது காணாது, இன்னும் கொஞ்சம் வேணும். அரை மணித்தியாலம் இருங்கோ, இன்னொருக்கால் குத்திப் பாப்பம்" என்றார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். குறிகட்டுவான் துறையில் கடைசிப் படகு போய்விடும். வீட்டில் மாடுகள் விடியற்காலையிலிருந்து தண்ணீர் இல்லாமல் நிற்கும். "அடுத்த கிழமை வாறம் டொக்டர்" என்றேன். "தள்ளிப்போடாதேங்கோ ஐயா" என்று அவர் இரண்டு தரம் சொன்னார்.

பஸ்ஸில் நீர் சிரித்தீர். "உங்களுக்கு என்னைவிடப் படகுதான் பெரிசு."

அடுத்த கிழமை சோளகக் காற்று எழும்பிவிட்டது. கடல் கொந்தளித்துப் படகு பல நாள் ஓடவில்லை. ஓடிய நாட்களிலும் நாங்கள் போகவில்லை. வீக்கம் கொஞ்சம் வற்றியதுபோல் தெரிந்ததால் மறுபடி பூவை நம்பினோம். காற்று அடங்கியபிறகு போய் இரண்டாவது ஊசி குத்தியபோது, புற்றுநோய் என்று தெளிவாகவே வந்தது. கண்ணை எடுத்தார்கள். அதற்குள் அது மூளைப் பக்கம் போயிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்தவன் நான்.

கடைசி நாட்களில் ஒருநாள், கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "அழாதேங்கோ. ஊசிக்குப் பயந்து நானும்தானே ஆஸ்பத்திரியாலை வெளிக்கிட்டு வந்தனான். ரெண்டு பேரிலையும் பிழைதான்" என்றீர். நானும் ஓம் என்று தலையாட்டினேன். பாதிப் பிழையை நீர் எடுத்துக்கொண்டபோது எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனால், நீர் சொன்னது பொய். டொக்டர் இன்னொருக்கால் என்றதுமே ஊசி குத்திய அந்தக் கட்டிலில் நீர் திரும்பவும் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டீர். கையைப் பிடித்து எழுப்பினவன் நான்.

மாடுகள் இப்போதும் என்னைக் கண்டால் தொட்டியடிக்கு ஓடி வருகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது உம்மை எழுப்பின அந்தக் கைதான்.