வெட்டி வைத்த ரவிக்கைத் துண்டு

காஞ்சிபுரம்
9.3.1969

அன்புள்ள மகன் தேவசகாயத்துக்கு, அம்மா மரியம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவால் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பிலாய் இரும்பாலையில் நீ சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன். உலைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வேர்வை அடங்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதே. தங்கச்சி கல்யாணச் சேலை எப்படி வந்திருக்கிறது என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய், உன் அப்பா மூன்றுக்கும் வெயிலைப் பற்றியும் தறியைப் பற்றியும் பதில் எழுதி ஒட்டிவிட்டார். எழுதும்போது என்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை. இன்று அவர் முசரவாக்கம் போயிருக்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். அந்தச் சேலை நம் வீட்டில் இல்லை.

நீ ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்து அனுப்பியதில்தான் பட்டும் ஜரிகையும் வாங்கினோம், அது உனக்குத் தெரியும். முதலாளி தரும் பாவு நூலில் மூன்று மூன்று சேலையாக நெய்து கொடுத்தே பழகிய உன் அப்பா, மகளுக்கென்று வெள்ளைப் பாவு ஒரே சேலைக்குப் போட்டார், தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. உடலோடு கோர்த்து நெய்கிற கோர்வைக் கரைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியது சுகிர்தம்தான், வேறு ஆள் வைக்கவில்லை. தன் கல்யாணச் சேலைக்குத் தானே கரை போட்டது இந்தத் தெருவில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். தறியிலிருந்து அறுத்து மடித்து எடுத்த அன்று அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் நம் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. போதகர் ஐயர் உக்கிராணத்துவம் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். நம்மிடம் இருப்பதெல்லாம் ஆண்டவருடையது, நாம் வெறும் உக்கிராணக்காரர், வலிக்கக் கொடுப்பதுதான் காணிக்கை என்றார். நல்ல பிரசங்கம்தான், நான் குறை சொல்லவில்லை. உன் அப்பா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சேலையோடு திரும்பி வந்து பீடத்தடியில் வைத்துவிட்டார். பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் அந்த வெள்ளைப் பட்டு இருந்தது. ராஜவேலு குடும்பத்தின் காணிக்கை என்று ஐயர் சொன்னபோது சபையே திரும்பி எங்களைப் பார்த்தது. சுகிர்தம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆராதனை முடிந்து ஏலம் நடந்தது. நம் சபை ரைஸ்மில்காரர் சேலையை எடுத்தார். எடுத்ததை மகன் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் பார்த்து, "ரொம்ப சந்தோஷம்பா ராஜவேலு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு அவர் மருமகள் அதை உடுத்திக்கொண்டு வந்து எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று நான் என்ன பாட்டுப் பாடினேன் என்று எனக்கே தெரியாது.

நீ என்னைத் தெரிந்தவன், கொடுப்பதற்கு நான் அழுகிறவள் இல்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி சபைக்கென்று தனி டப்பாவில் போட்டு உங்களை வளர்த்தவள். பஞ்ச காலத்திலும் போட்டேன், அந்த ஒரு பிடி குறைந்தது உங்கள் வயிற்றுக்குத் தெரியும். ஆனால் உக்கிராணம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம். என் அப்பா, உன் தாத்தா பரமசிவம், ஞானஸ்நானம் வாங்கின பிறகும் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சாமான் அறைச் சாவியை அவரிடம்தான் கொடுப்பார்கள், உக்கிராணத்தில் அவர் உட்கார்ந்தால் ஒரு முந்திரி வெளியே போகாது என்பார்கள். சின்னப் பிள்ளையில் நான் போய் ஒரு துண்டு வெல்லம் கேட்டேன். "இது நம்முது இல்லம்மா, வூட்டுக்காரங்களக் கேட்டுக்கினு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாவி வைத்திருக்கிறவன் சாமானைத் தூக்கித் தானம் பண்ணினால் அவனுக்கு வேறு பெயர். அந்தச் சேலையில் உன் தூக்கம் இருந்தது, அவள் கண் வலி இருந்தது, உங்கள் இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷர்.

இதைக்கூட ஆண்டவருக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டு ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. லெந்து கால உபவாசம் தொடங்குகிறதே என்று பெட்டியைத் துடைக்க எடுத்தேன், அடியில் அவருடைய வேட்டிக்குள் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டு. அந்தச் சேலையின் ரவிக்கைத் துண்டு. வீட்டுக்குப் போய்ச் சேலையை எடுத்தவர், வெட்டி இதை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். முழுசாகக் கொடுத்தவருக்கு இது எதற்கு என்று கேட்டேன். தறிக்குழியில் இருந்தவர் தலை நிமிராமலே, "போன வருசம் திருப்புட்குழி அலமு காணிக்கையா வச்ச ஆட்டை ரைஸ்மில்காரருதான் ஏலத்துல எடுத்து, கயித்த திருப்பி அவ கையிலயே குடுத்தாரு. இதையும் குடுப்பாருன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேம்மா" என்றார். தேவசகாயம், எனக்கு அப்போதுதான் வயிறு எரிந்தது. பேரும் வேண்டும், சேலையும் திரும்பி வரவேண்டும். ஆண்டவருக்கே ஆசை காட்டியிருக்கிறார். மனசாரக் கொடுத்திருந்தால் அவர் காலைத் தொட்டிருப்பேன். அவர் கொடுக்கவே இல்லை, ஏமாந்துபோனார், அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி ஏசினேன், தெருவுக்கே கேட்டிருக்கும். அன்று முதல் அரிசி டப்பாவில் கை வைத்தால் என் பிடியும் தானாகச் சிறுத்துப் போகிறது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது சுகிர்தம் அந்தத் துண்டை எடுத்து மடித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றதற்கு, "இது அந்தச் சேலையோட சேர்ந்ததும்மா, அவங்களாண்ட குடுத்துட்டு வரேன்" என்றாள். நான் குறுக்கே நின்றேன், அடியே என்றேன், போகாதேடி என்றேன், அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். ரைஸ்மில் வீட்டு மருமகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "இது வேற இருந்துதா, நான் மேட்ச் கிடைக்காம மெட்ராஸ் வரைக்கும் தேடிக்கினு இருந்தேன்" என்றாளாம், உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள். அதற்குப் பிறகு உன் அப்பா அன்று தறியில் இறங்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி கல்யாணம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. மாப்பிள்ளை வீட்டாரிடம் நூல் சேலைதான் என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள், நீ மறுபடி எதுவும் வாங்கி அனுப்பாதே, வாங்கமாட்டேன் என்கிறாள். அப்பாவுக்குக் கோபமாகக் கடிதம் போடாதே, ஏச வேண்டியதை எல்லாம் நானே ஏசித் தீர்த்துவிட்டேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தாத்தாவின் பழைய சாவி வளையம் ஒன்று உன் பெட்டியில் இருக்கிறது அல்லவா, மறக்காமல் எடுத்து வா. கல்யாண உக்கிராணத்துக்கு யாரை உட்கார வைப்பது என்று உன் அப்பா கேட்டார், கல்யாணப் பெண்ணையே உட்கார வையுங்கள், இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. மரியம்மாள்