வெள்ளை அடித்த சைக்கிள்

என் யோகன், மச்சான்,

பனி உருகிவிட்டது. யாரும் தள்ளவில்லை, தானாகவே உருகிற்று. இன்னும் மூன்று மாதம் பொறுத்திருந்தால் உன் வாசலில் கிடந்ததும் இப்படித்தான் போயிருக்கும் என்று உனக்குச் சொல்லவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பனி தள்ளும் சவளைப் பிடித்தபடி நீ அதில் விழுந்து கிடந்திருக்க வேண்டியதில்லை. இதயம் பலவீனம், பனி தள்ளக்கூடாது என்று மருத்துவர் உன்னிடம் சொல்லியிருந்தாராம். செத்தவீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் எனக்குச் சொல்லவில்லை?

இங்கே ரொறன்ரோவில், நம் வெக்ஸ்போர்ட்டில், தெருவோரமெல்லாம் உப்புக் கறை. உயர்ந்த மின்கம்பங்களுக்குக் கீழே கிழக்கே போகும் நம் சைக்கிள் பாதையில் சேறு இன்னும் காயவில்லை. வாத்துகள் திரும்பி வந்து பாதை முழுக்க அசிங்கம் பண்ணி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் இந்த நேரத்தில் நீ தொலைபேசி எடுப்பாய். "எடேய், கராஜைத் திற. சைக்கிள் மூச்சடைச்சுச் செத்துப்போடும்" என்பாய். இந்த ஆண்டு நானாகத்தான் திறந்தேன். இரண்டு ரயரிலும் காற்றில்லை. செயின் துருப்பிடித்திருந்தது. குனிந்து காற்று அடித்துவிட்டு நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறித் தெரு முனை வரை சைக்கிள் ஓடிப் பார்த்தேன். முழங்கால் கத்திற்று. உன்னோடு ஓடும்போது நீ விடாமல் பேசிக்கொண்டு வருவாய். அந்தச் சத்தத்தில் முழங்கால் கத்துவது கேட்காமல் இருந்திருக்கிறது.

எனக்குப் பல பேரோடு கோபம். நீ அறிவாய். கணிதத்தில் பட்டம் வாங்கிய என்னைப் பிறம்ரனில் பண்டகசாலை ஒன்றில் பெட்டி அடுக்க வைத்த நாட்டோடு கோபம். ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோர் முன்னாலும், "எங்கடை கணக்கு வாத்தியார் இப்ப பெட்டி எண்ணுறார்" என்று சொல்லிச் சிரித்தானே குணம், அவனோடு கோபம். நீயும் அந்த மேசையில்தான் இருந்தாய். நீ சிரிக்கவில்லை, உண்மை. ஆனால் அடுத்த ஞாயிறே அவனோடு சைக்கிள் ஓடப் போனாய்.

குணம் நம் இருவரோடும் ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது அஜின்கோர்ட்டில் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிறான். உங்கள் ஞாயிறு சைக்கிள் சங்கத்துக்குத் தலைவனாகவும் இருக்கிறான். சைக்கிள் ஓட எதற்குத் தலைவர் என்று உன்னைக் கேட்டேன். "அப்ப ஆர் சங்கத்தின்ரை பேர் போட்டு ரீசேட் அடிக்கிறது?" என்று நீ கேட்டாய். எல்லோருக்கும் நல்லவனாக இருப்பது உனக்கு எவ்வளவு இலகுவாக இருந்தது! சனிக்கிழமை எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு என்று உன்னைப் பங்குபோட்டுத் தந்தாய். வசந்திக்கு எந்த நாள் வைத்திருந்தாய், மச்சான்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கிழமை உன் மனைவி வசந்தி, என் தங்கை, என்னை அழைத்தாள்.

"அண்ணை, அவரின்ரை சைக்கிளை ஒருக்காப் பாத்துத் தருவீங்களே?"

"ஏன், விக்கப்போறியே?"

"இல்லை. ஓடப்போறன்."

போனேன். உன் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கராஜ் வாசலில் நின்றாள். உன் நீலச் சைக்கிளைத் துடைத்து வைத்திருந்தாள். குறுக்குப் பார் உயரமாக இருக்கிறதே என்று சொன்னேன்.

"உங்கடை சைக்கிளிலைதானே பழகினனான். பாருக்குக் கீழாலை காலை விட்டு ஓடினது மறந்துபோச்சே?"

"இஞ்சை வந்து ஒருநாளும் ஏறேல்லையே?"

"கேட்டனான். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது எண்டார். பிறகு வெயில் காலத்திலை கேட்டன். உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது எண்டார்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உயரத்துக்குச் சீற்றைப் பதித்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். இப்போது ஏன் இந்த எண்ணம் என்று கேட்டேன்.

"வீட்டை வாற ஆக்கள் எல்லாரும் கதிரையிலை இருந்து என்னையே பாக்கினம், அண்ணை. தேத்தண்ணி குடுத்தாலும் பாக்கினம், குடுக்காட்டிலும் பாக்கினம். நான் அழுதா அவைக்குத் திருப்தி. அழாட்டி வெளியிலை போய்க் கதை. எனக்கு ஒரு மணித்தியாலம் வெளியாலை போகவேணும்."

இதெல்லாம் உன் அக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. அடுத்த நாளே என்னை அழைத்தார். "வருசத்திவசம் முடியேல்லை. அதுக்குள்ளை உவள் சைக்கிளிலை ஊர்கோலம் போகப்போறாளோ? நீரும் எண்ணெய் விட்டுக் குடுத்தனீராம்?" வசந்தியிடம் சொன்னேன். "பஸ்ஸிலை வேலைக்குப் போறன், அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. சைக்கிளிலை போனாத்தான் அவர் செத்தது எனக்கு மறந்துபோகுமாக்கும்" என்றாள். அந்தச் சனிக்கிழமையே இருவருமாகப் போவதென்று முடிவாயிற்று.

அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, குணம் உன் வீட்டுக்கு வந்திருக்கிறான். சங்கம் உனக்கு ஒரு நினைவு நிகழ்ச்சி செய்கிறது, சைக்கிளைத் தந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறான். உன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் நிறுத்தி வைக்கப் போகிறார்கள் என்று வசந்தி நினைத்தாள். "கேட்டு வந்தவரை எப்பிடி இல்லையெண்டு அனுப்பிறது?" என்றாள் பிறகு. சைக்கிளைக் கொடுத்துவிட்டதால் சனிக்கிழமை போகவில்லை.

நிகழ்ச்சி அடுத்த ஞாயிறு, பாதை தொடங்கும் இடத்தில். கூடாரம், ஒலிபெருக்கி, மாலை போட்ட உன் படம், குத்துவிளக்கு. காற்றில் விளக்கு நிற்கவில்லை. ஒருவர் தன் ஹெல்மெற்றைக் கழற்றி காற்றை மறைக்கப் பார்த்தார், அது கருகிற்று. வசந்தியை முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். எல்லோரும் புது ரீசேட்டில் சைக்கிள்களோடு நின்றார்கள். சிலருக்குக் குளிர்காலத்தில் வயிறு வைத்திருந்தது. பேச்சு, பேச்சுக்கு மேல் பேச்சு. நீ அங்கிருந்திருந்தால் எல்லாவற்றுக்கும் கைதட்டியிருப்பாய்.

கடைசியில் குணம் ஒரு துணியை இழுத்தான். கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியபடி உன் சைக்கிள் நின்றது. வெள்ளை. சட்டம் வெள்ளை, சீற் வெள்ளை, செயின் வெள்ளை, ரயர் வெள்ளை, மணிகூட வெள்ளை.

டவுன்ரவுனுக்கு ஓடிய நாட்களில் அப்படிச் சில சைக்கிள்களை நாம் கடந்திருக்கிறோம். வாகனம் அடித்து ஒருவர் செத்த சந்தியில் கட்டியிருப்பார்கள். அந்த இடங்களில் மட்டும் நீ பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாக ஓடுவாய். குணமும் எங்கோ கண்டிருக்கிறான். செத்த சைக்கிள்காரருக்கு இந்த ஊரில் செய்யும் மரியாதை அது என்று எடுத்துக்கொண்டுவிட்டான். நீ செத்தது உன் வாசலில், கையில் சவளோடு.

கைதட்டல் ஓய்ந்தபோது நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றார். சைக்கிளைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. இந்தப் பாதையில் வாகனமே வராதே, எங்கே அடித்தது, அடித்தவரைப் பிடித்தார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குணம் பணிவாக, "ஹார்ட் அட்டாக்" என்றான். அவர் சைக்கிளைப் பார்த்தார், குணத்தைப் பார்த்தார், வசந்தியைப் பார்த்தார். பிறகு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

வசந்தி எழும்பிப் போய்ச் சைக்கிளின் பெடலைக் கையால் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. செயினில் சாயம் இறுகியிருந்தது. அவள் அழுகிறாள் என்று நினைத்து மூன்று பெண்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை, மச்சான். அவள் முகத்தை நான் பார்த்தேன்.

அன்று பின்னேரமே அஜின்கோர்ட்டுக்குப் போனேன். குணத்தின் வீட்டுப் படியை நான் மிதித்துப் பல ஆண்டுகள். கதவைத் திறந்தவன் என்னைக் கண்டு பின்னால் ஒரு அடி வைத்தான்.

"சங்கிலிப் பூட்டின்ரை திறப்பைத் தாரும்" என்றேன்.

"என்ன திறப்பு? உள்ளுக்கு வாரும் முதல்."

"வரேல்லை. என்ரை தங்கச்சி ஓடுறதுக்கு வைச்சிருந்த சைக்கிள் அது. சீற் பதிச்சிருந்ததைப் பாத்தும் உமக்கு விளங்கேல்லையே?"

"ஆர், வசந்தியோ? அவ சைக்கிள் ஓடுவாவோ?" அவன் உண்மையாகவே திகைத்தான். "எனக்குச் சொல்லேல்லையே, ஐசே."

"நீர் கேக்கேல்லை. கார் அடிச்சுச் செத்த ஆக்களுக்கு வைக்கிறதைக் கொண்டுவந்து என்ரை மச்சானுக்கு வைச்சிருக்கிறீர். ரோட்டிலை போறவை எல்லாம் ஆர் அடிச்சது எண்டு கேக்கினம்."

"உமக்கு எதிலைதான் திருப்தி? ஒண்டும் செய்யாட்டி செய்யேல்லை எண்டுவீர். செய்தா பிழையெண்டுவீர்." குரல் உயர்ந்தது. பிறகு உடைந்தது. "இந்தக் கராஜிலை நான் தனியத்தான் அடிச்சனான். மூண்டு தரம். செயின் வளையம் வளையமா அடிச்சன். வேறை ஒருத்தரையும் தொடவிடேல்லை. அவன் எனக்கும் சிநேகிதன்தானே?"

அவன் விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளை இன்னும் இருந்தது. அதைக் கண்டதற்காக நான் அவனை மன்னித்தேன் என்று நினைக்காதே. அந்த மேசையில் அவன் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. திறப்புக்காகக் கையை நீட்டினேன். அவன் உள்ளே போய்த் திறப்பைக் கொண்டுவந்தான்.

"சங்கத்தாருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"களவு போட்டுது எண்டு சொல்லும். ரொறன்ரோவிலை சைக்கிள் களவு போறது புதினமே?"

அவன் வாய் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தது. நான் திரும்பிவிட்டேன்.

வசந்தியும் நானுமாகச் சைக்கிளை அவிழ்த்து அவள் கராஜுக்குக் கொண்டுவந்தோம். புதுச் செயின் போட்டேன். செயின் ஓடும் பின்சில்லுப் பற்களில் ஒட்டியிருந்த சாயத்தைத் தின்னரில் துணி நனைத்துக் கழுவினேன். சீற்றை மாற்றினேன். சட்டத்துக்குத் திரும்பவும் நீலம் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், அண்ணை. வெள்ளையெண்டாக் காரோடுறவைக்குத் தூரத்திலையே தெரியும்."

"அக்கா என்ன சொல்லுவா?"

"சொல்லட்டும். கதிரையிலை இருந்து சொல்லட்டும்."

போன சனிக்கிழமை போனோம், யோகன். வெயில் இருந்தது, காற்றுக் குளிர்ந்தது. முதலில் தள்ளாடினாள். ஒரு காலை நிலத்தில் ஊன்றி ஊன்றிக் கொஞ்சத் தூரம் போனாள். நான் பின்சீற்றைப் பிடிக்கக் கை நீட்டினேன். "விடுங்கோ!" என்று கத்தினாள். அவ்வளவுதான், உடம்புக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. எதிரே வந்த இரண்டு சைக்கிள்காரர் வெள்ளைச் சைக்கிளில் ஒரு ஆள் வருவதைக் கண்டு பேச்சை நிறுத்திப் பாதையை விட்டு ஒதுங்கினார்கள். ஒருவர் ஹெல்மெற்றில் கை வைத்தார்.

"என்ன அண்ணை, செத்தவள் ஓடுறாள் எண்டு பாக்கினமோ?" என்று திரும்பாமலே கேட்டுவிட்டு வேகமாக மிதித்தாள்.

என்னால் பிடிக்க முடியவில்லை. நெஞ்சு அடைத்தது, உன்னை நினைத்துப் பயந்து இறங்கி உருட்டினேன். மின்கம்பங்களுக்குக் கீழே அவள் சிறிதாகிச் சிறிதாகிப் போய்விட்டாள். அவள் ரயரில் காய்ந்திருந்த சாயம் வெடித்து உதிர்ந்து, ஈரப் பாதையில் வெள்ளைப் பொருக்குகளாகக் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் போனேன்.

பாதை சரிந்து ஓடையில் இறங்கும் இடத்தில் அவளைக் கண்டேன். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, எனக்கு முதுகு காட்டி நின்றாள். தோள்கள் குலுங்கின. வாய்விட்டு, ஒரு பிள்ளையைப் போல அழுதாள். செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழுததை நான் காணவில்லை. கிட்டப் போகவேண்டும் என்று கால் சொல்லிற்று. போகவில்லை. சைக்கிளைத் திருப்பி, வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். வாத்துகள் என்னைக் கடந்து போயின. அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்ட பிறகுதான் மணியை அடித்தேன்.

"வந்திட்டீங்களே? எவ்வளவு நேரம்!" என்றாள்.

"கிழவன்தானே" என்றேன்.

உன்மேல் எனக்குள்ள கோபம் போகாது, மச்சான். குளிர் ஒத்துக்கொள்ளாது, வெயில் ஒத்துக்கொள்ளாது என்று நீ சொன்னதற்கு ஒரு பதிலும் சொல்லாமல் போய்விட்டாய். அதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். ஆனால் இதையும் எழுதித் தருகிறேன்: திரும்பப் பனி விழும் வரை சனிக்கிழமைகள் அவளுடையவை. நான் அவளுக்குப் பின்னால் வருவேன், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், திரும்பினால் தெரியாத தூரத்தில்.

கோபம் ஆறாத உன் மச்சான்,
வசந்தியின் தமையன்