தட்டாத பேரிங்

உன் வண்டியில் இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இன்று காலை இறக்கினேன். பொழுது சாய்ந்தும் பழைய ஆயிலின் கருகல் வாசனை வீட்டைவிட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவியும் நகக்கண்ணில் அப்படியே இருக்கிறது. பிஸ்டன் தண்டைத் தாங்கும் எட்டு கான்ராடு பேரிங் துண்டுகளையும் துடைத்துச் செய்தித்தாளில் வரிசையாக வைத்து, அவற்றுக்கு எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரி பேரனைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் இந்த நாற்றத்துக்கே எனக்கு நல்ல அர்ச்சனை விழுந்திருக்கும். திட்டவும் ஆளில்லாத வீடு இது.

உன் காரியம் முடிந்த அன்று கஸ்தூரிதான் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "உங்க ரெண்டு பேரு வண்டிதானேண்ணா. நீங்களே எடுத்துகினு போங்க" என்றாள். கட்டிய புருஷன் போன துக்கத்திலும் இதை நினைவு வைத்திருந்தாள். எனக்குத்தான் அந்தச் சாவியை வாங்கக் கை கூசியது.

தொண்ணூற்றொன்றில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வண்டி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் வைத்த பழைய மாடல் கார். குன்றத்தூர் ரோட்டில் உனக்கு லாரி மெக்கானிக் ஷெட். எனக்கு பூந்தமல்லிப் பக்கம் வார்ப்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வண்டிப் பைத்தியம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் பிடித்த இடம் வேறு. எந்த வண்டியைப் பார்த்தாலும் எத்தனை வேகம் போகும் என்று நான் கேட்பேன். நீயோ, "காலையில ஒரே செல்ஃபுல எடுக்குதா?" என்பாய். வேகம் யாருக்கும் வரும், தினமும் வீட்டுக்குத் திரும்பி வருகிற வண்டிதான் வண்டி என்பது உன் கட்சி. பொண்ணு பார்க்கப் போனாலும் இவன் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான் என்று நான் கிண்டல் செய்வேன். குதிரை குணம் தெரிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று நீ என்னைப் பார்த்துச் சொல்வாய்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பந்தயத் தடம் அப்போது புதிது. புது ஆட்களும் ஓட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் வந்தது. பெயர் கொடுத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்சீட்டைக் கழற்றினோம். வேகம் கூட்ட இஞ்சின் ஹெட்டை இழைத்தோம். இஞ்சினை நீ எனக்காகப் பிரித்துப் போட்டாய். பேரிங்கை மட்டும் நான்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்து, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். குழந்தைக்குப் பச்சை குத்துகிறாயா என்று கேட்டுச் சிரித்தாய். கடைசி நட்டு வரைக்கும் நீயே முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குச் சாவி போட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீவுக்காக முந்தைய மூன்று ராத்திரியும் அடுத்தவன் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தேன். விடிந்ததும் பேக்டரி கேட்டிலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்து, நான்தான் ஓட்டுவேன் என்று உட்கார்ந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய வளைவில் திடீரென்று நீ கை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினாய். வண்டி கரை ஓரத்து மண்ணில் ஏறி இறங்கியது. "பள்ளம்டா" என்றேன். மிச்ச தூரத்தை நீதான் ஓட்டினாய். எனக்கு அது உறைக்கவில்லை. என் கண்ணுக்குள் கொடியும் கூட்டமும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

தடத்தில் நம் முறை வர இன்னும் இரண்டு வண்டிதான் பாக்கி. நீ பானெட்டைத் தூக்கினாய். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எப்போதும் போலக் கண்ணை மூடிக் கேட்டாய். வெகு நேரம் கேட்டாய். பிறகு நிமிர்ந்து இஞ்சினை அணைத்தாய்.

"கான்ராடு பேரிங் தட்டுது. வுட்டா ரெண்டாவது ரவுண்டுல ராடு பிச்சிகினு வெளிய வந்துரும். வாணாம்டா."

ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி நானும் வைத்துக் கேட்டேன். எனக்கு ஒரு தட்டலும் கேட்கவில்லை. பேக்டரி இரைச்சலில் என் காது போய்விட்டது என்றாய். இஞ்சின் விஷயத்தில் நீ பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. லாரிக்காரன் கெஞ்சினாலும், வண்டி தேறாது என்றால் தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன் நீ. அதனால் நம்பினேன். நம்பியதால்தான் கோபம் பொங்கியது. முறுக்கிப் பார்த்ததெல்லாம் நீதானே, உன் கை பட்ட இஞ்சின்தானே என்று அத்தனை பேர் எதிரில் கத்தினேன். இனி அது உன் வண்டி, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு, நடந்தே மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.

ஏழு மாதம் உன்னோடு பேசவில்லை. என் கல்யாணப் பத்திரிகையைக்கூட அடுத்தவன் கையில் கொடுத்து அனுப்பினேன். நீ வந்தாய். பந்தியில் நின்று பரிமாறினாய். பிறகு பேச்சு வந்தது, ஆனால் என் நாக்கில் முள் போகவில்லை. டீக்கடையில் நாலு பேர் இருந்தால் போதும், பந்தயத்துக்குப் போய் பயந்து வண்டியைத் திருப்பிய வீரன் கதையை எடுத்துவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். நீயும் கிளாஸைக் குனிந்து பார்த்துக்கொண்டு சிரிப்பாய். மறு வாரமே பேரிங்கை மாற்றிவிட்டேன் என்று மட்டும் எப்போதோ ஒரு தடவை சொன்னாய். மாதத்துக்கு ஒரு நாள் கஸ்தூரியை உட்கார வைத்துக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் வருவாய். வண்டி அதற்கு மேல் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

இன்று காலை அந்தப் பேரிங் துண்டுகளைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தேன். எட்டிலும் என் எழுத்து இருந்தது. நான் கீறியதேதான். உள்பக்கம் லேசாக மங்கியிருக்கிறதே தவிர, அடி வாங்கிய தடம் எதுவுமில்லை. நீ அதை மாற்றவில்லை. அது தட்டவும் இல்லை.

ஏரிக்கரை வளைவு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கே பள்ளம் ஏதும் இல்லை. மூன்று ராத்திரி கண் விழித்தவன் ஸ்டியரிங்கிலேயே தூங்கிப்போயிருந்தான். உனக்குத் தூக்கம், நீ ஓட்டாதே என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். அடித்துத் தள்ளிவிட்டாவது ஏறியிருப்பேன். அதனால் என் குறையைத் தூக்கி வண்டிமேல் போட்டாய். உன் கைவேலை மேல் போட்டுக்கொண்டாய்.

மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். ஒரகடம் பக்கமிருந்து புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் வரிசையாகப் போகின்றன. அந்த ரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துப் பேச எனக்கு ஓர் ஆள் இல்லை. ஒரு பேரிங்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய் கஸ்தூரியிடம் காட்டினேன். அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்ணா. அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னாரு. அவன் இனிமே என்னாண்ட பேச மாட்டான், பேசாட்டி போறான், உசுரோட கீறான்ல, அது போதும்னாரு."

பிறகாவது ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க வெக்கப்படுவீங்கன்னாரு."

தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

டீக்கடையில் அன்று சிரித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் மிச்சம். நாளைக் காலையில் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். இப்ப எதுக்குப்பா அந்தக் கதை என்பார்கள். பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவர்களிடம் சொல்வதில் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்கும் ஆறப்போவதில்லை.

வாழ்க்கையில் நீ ஒரு இஞ்சினைப் பற்றி ஒரே ஒரு பொய் சொன்னாய். அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம் நடந்தது, மகன் பிறந்தான், பேரனைத் தூக்கினேன். அத்தனையும் நீ எனக்குக் கொடுத்த வருஷங்கள். அதில் பாதியை டீக்கடையில் உட்கார்ந்து உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லியே கழித்திருக்கிறேன்.