அக்கரைக்குத் தனியாக

மார்ச் 6, வியாழன்

காலையில் பனி, பத்து மணிக்குமேல் வெயில். படகைக் கழுவினேன். பலாங்கொடை டவுனில் மண்ணெண்ணெய், ஸ்டார்ட் பண்ணக் கொஞ்சம் பெட்ரோல். கயிறு பழசு. போதும்.

கோபி போன். கொழும்பில் இருக்கிற மகனுக்கு என் படகைப் பற்றித்தான் கவலை. "ஒங்களால தனியா ஓட்ட முடியாதும்மா. அப்பா இருந்தப்ப சரி. சுனிலுக்கே குடுத்துருங்க." அக்கரையில் மீன் பிடிக்கிற சுனில், படகையும் எஞ்சினையும் கேட்டு மாசக்கணக்கில் நச்சரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து தானே ஓட்டிப்போய்க் கொடுப்பதாகக் கோபி. வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்றேன். கடைசி ஓட்டமாவது என் கையால் இருக்கட்டும்.

விற்க மனமே இல்லை. ஆனால் அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர் போன பிறகு ஒருநாள்கூட இந்தக் குளத்தில் படகை இறக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மழை. போகவில்லை. பருப்பு, கருவாடு. முழங்கால் வலி.

கல்யாணமான புதிதில் அக்கரைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் பிறந்து, பீலியில் விழுகிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள் நான். அவர் வேட்டி மேலேயே வாந்தி எடுத்தேன். சிரித்தார், பாவி. அப்போது எஞ்சின் ஏது? உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த பாய். "காத்து வருது, இழுத்துப் புடி புள்ள" என்பார். கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பேன்.

நடுக்குளத்தில் சண்டை வந்தால் யாரும் எழுந்துபோக முடியாது. அதனால் கரை சேர்வதற்குள் சமாதானம். எஞ்சின் வந்த பிறகு அந்தச் சத்தத்தில் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று இன்றைக்கு ரொம்ப ஏக்கமாக இருந்தது.

மார்ச் 8, சனி

சுனில் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம். நடுக்குளத்தில் இருமி இருமி நின்றுவிட்டது. இழுத்து இழுத்துத் தோள்பட்டை போயிற்று. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து அத்தனை வாலுகளை அடக்கினேன், இது அடங்கவில்லை. முதலில் எஞ்சினைத் திட்டினேன், அப்புறம் அவரை. "இப்புடி நடுத்தண்ணியில வுட்டுட்டுப் போயிட்டீங்களே!" சத்தமாகவே அழுதேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

அப்போது முதுகில் மலைக்காற்று. எஞ்சினை மூடுகிற படங்குத் துணியை மூங்கில் கழியில் கட்டி நிறுத்தினேன். முடிச்சு கைக்கு ஞாபகம் இருந்தது. படகு நகர்ந்தது, சத்தமே இல்லாமல்.

கொஞ்ச தூரம்தான். காற்று திரும்பி எதிரே அடித்தது. படங்கை இறக்கிவிட்டு, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பட்டமரக் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பயம், நல்ல பயம். விரல் மரத்துப்போன பிறகுதான் மறுபடி மலைக்காற்று வந்தது. துடுப்பால் திருப்பித் திருப்பி ஒருவழியாகக் கரை.

சுனில் வாயைப் பிளந்து சிங்களத்தில் கேட்டார். "தனியமத ஆவே, அக்கே?"

"தனியாத்தான் வந்தேன். ஏன், கூட யாராச்சும் தெரியுதா?"

எஞ்சினைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. "எஞ்சின் நல்லம் அக்கே. டேங்க் மூடியில காத்துத் திருகு தொறக்க இல்ல." அதைத் திறக்காவிட்டால் எண்ணெய் இறங்காதாம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் திறப்பதை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தவள். மானம் போயிற்று. சுனில் திறந்து இழுத்ததும் குளமே அதிர்ந்தது.

பிளேன்டீ குடித்தோம். விலை பேசினோம். படங்கை மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கோபி போன். "வித்தாச்சாம்மா?"

"வித்தாச்சுப்பா."

"அப்பாடா. பஸ்ஸுலயா வாறீங்க?"

"வித்தது எஞ்சின மட்டுந்தான். படகு என்னோடது."

"எஞ்சின் இல்லாம எப்புடிம்மா வருவீங்க?"

"வந்த மாதிரியேதான்."

பின்னேரம் காற்று இந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்கிறார் சுனில். சாப்பிட்டுப் போகச் சொல்கிறார். இலை அசைகிற மாதிரி இருக்கிறது. இல்லை, அசைகிறது.